கைக்கு வந்ததைத் தானே கெடுத்துக்கொள்ளும் பழக்கமும் விசுவாசமும்

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி மாத இறுதி. சான்றிதழ்கள் தயார், கட்டணம் கட்டக் காசும் இருக்கிறது. மூன்று வாரம் ஒன்றும் நடக்காது. கடைசி இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்தால் தளம் திறக்காது. "சர்வர் டவுன்" என்று வீட்டில் சொல்லிவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது. இன்னொருவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி முதல்முறையாக 7-க்குக் கீழே இறங்குகிறது. அன்று மாலையே அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். மற்றொருவர் நேர்முகத் தேர்வுக்கு முந்தின இரவு இரண்டு மணி வரை படம் பார்க்கிறார், அதுவும் ஏற்கெனவே பார்த்த படம்.

இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துத் திட்டுவது எளிது, பயன்தான் இல்லை. 1978-ல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு விடையே காண முடியாத கணக்குகளைக் கொடுத்து, "பிரமாதமாகச் செய்தீர்கள்" என்று பாராட்டினார்கள். அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மருந்துகளைக் காட்டினார்கள்: ஒன்று மூளைக்கு உதவும், மற்றது கெடுக்கும் என்று சொல்லி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எப்படி ஜெயித்தோம் என்றே புரியாதவர்கள், குறிப்பாக ஆண்கள், கெடுக்கும் மருந்தை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். தோற்றால் பழி மருந்தின் மேல் போகும், தன் மேல் வராது. விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. முயலாமல் தோற்றால் ஒரு காரியம்தான் தோற்கிறது. முழு மனதோடு முயன்று தோற்றால் "நான்" என்ற ஆளே தோற்றதாக ஆகிவிடும் என்ற பயம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கேட்காமல் தப்பிக்கத்தான் காரியத்தையே கெடுத்துக்கொள்கிறோம்.

"நான் விரும்புகிறதைச் செய்யாமல், நான் வெறுக்கிறதையே செய்கிறேன்" என்று பவுல் ரோமர் 7:15-ல் எழுதியதைப் பலரும் மேற்கோள் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கக்கூடாது. எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிறது. ஏழாம் அதிகாரத்தில் சிக்கியவன் வெளியே வரும் வழி இது. தீர்ப்பு ஏற்கெனவே வாசிக்கப்பட்டுவிட்டது. இனிச் செய்யும் வேலை அந்த வழக்கில் சாட்சியம் ஆகாது.

தாலந்து உவமையை இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள் (மத்தேயு 25). பயணம் போகும் எஜமான் மூன்று வேலைக்காரரிடம் தன் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறான். ஒரு தாலந்து என்பது சில்லறைக் காசு அல்ல. ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 20 வருஷக் கூலி. அவ்வளவையும் ஒருவன் குழி தோண்டிப் புதைக்கிறான். ஏன் என்று கேட்டால், எஜமான் "கடினமுள்ள மனுஷன்" என்று அறிந்ததால் பயந்து போனதாகச் சொல்கிறான். மற்ற இருவருக்கும் அதே எஜமான்தான். இவன் மனதில் இருந்த எஜமானுடைய படம்தான் வேறு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கால அட்டவணையை அல்ல, உங்கள் ஜெபத்தில் எதிரே நிற்கிற தேவன் எப்படிப்பட்ட முகத்தோடு நிற்கிறார் என்பதை. மதிப்பெண் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? யோர்தானில் "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் கேட்டபோது இயேசு ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒரு குஷ்டரோகியையும் தொட்டிருக்கவில்லை. பிரியம் முந்தி, ஊழியம் பிந்தி.

இதை ஞாயிற்றுக்கிழமை கேட்டுத் தலையாட்டுவதால் மட்டும் திங்கட்கிழமை மாறிவிடாது. கிருபை இலவசம், பழக்கத்தை மாற்றப் பயிற்சி வேண்டும். சபையின் பழைய பெட்டியில் அதற்கான கருவிகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நோட்டு, ஒரே ஒரு குறை

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் "ஆன்மீகப் பயிற்சிகள்" என்ற நூலில் (போப்பின் அங்கீகாரம் கிடைத்தது 1548-ல்) தனி ஆன்ம சோதனை என்று ஒன்று வருகிறது. கத்தோலிக்கர்களுக்குப் பழக்கமானது; சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபையார் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், உபதேசச் சிக்கல் எதுவும் அதில் இல்லை.

நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் ஏழு ஜோடிக் கோடுகள் போடுங்கள், நாளுக்கு ஒரு ஜோடி. மேல்கோடு காலை எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும், கீழ்கோடு அதிலிருந்து இரவு வரைக்கும். காலையில் கண் விழித்ததும் இன்று எந்த ஒரு குறையைக் கவனிக்கப்போகிறோம் என்று நினைத்து, அதற்கான கிருபையைக் கேட்பது. மதியம் சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, காலையிலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் மேல்கோட்டில் ஒரு புள்ளி. இரவில் அதே போலக் கீழ்கோட்டில். இடையில் விழுந்தது தெரிந்த உடனே நெஞ்சில் ஒருமுறை கை வைப்பது. நாலு பேர் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்று அவரே சொல்கிறார். படுக்கும் முன் இரண்டு கோடுகளையும் ஒப்பிட வேண்டும், மறுநாள் முந்தின நாளோடு, அடுத்த வாரம் முந்தின வாரத்தோடு.

இதில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவை. முதலாவது, குறையை மொட்டையாக எழுதுவது. "சோம்பல்", "பயம்", "விசுவாசக் குறைவு" என்று எழுதினால் புள்ளி எங்கே வைப்பது? கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள்: "படிக்க உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள் போனை எடுப்பது", "மேலாளர் கேட்ட கேள்விக்குப் பதில் போடாமல் தள்ளுவது", "சம்பளம் வந்த அன்றே கடனை அடைக்காமல் வேறு எதையாவது வாங்குவது". இரண்டாவது, ஒரே நேரத்தில் மூன்று குறைகளைப் பிடிப்பது. மூன்றும் நழுவும். மூன்றாவது, முதல் வாரம் புள்ளி கூடுவதைப் பார்த்துப் பதறுவது. கவனிக்க ஆரம்பித்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். முன்பு கண்ணில் படாமல் போனவை இப்போது படுகின்றன. மிக முக்கியமானது நாலாவது: மோசமான நாளில் நோட்டைத் திறக்காமல் விடுவது. நீங்கள் பிடிக்க வந்த திருடனே அவன்தான். அன்றைக்கு எண்ண முடியாவிட்டால் கோட்டின் மேல் ஒரே ஒரு பெரிய புள்ளி வைத்து மூடிவிட்டுத் தூங்குங்கள்.

புள்ளிகளைக் கடன் கணக்காகப் பார்க்காதீர்கள். அவை எந்த நேரத்தில் சேர்கின்றன என்பதுதான் விஷயம். ஒரு வாரப் பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே நேரத்தில் கொத்தாக இருக்கும்: சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது ஒருவரோடு பேசிய பிறகு, அல்லது வேலையின் கடினமான பகுதி வந்ததும். "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இயேசு கெத்செமனேயில் சொன்னதில் விழிப்புதான் முதலில் வருகிறது. நேரம் தெரிந்துவிட்டால் அந்த நேரத்துக்கு முன்பே ஏற்பாடு செய்யலாம். போனைப் பக்கத்து அறையில் சார்ஜில் போடுவது அவிசுவாசம் ஆகாது.

எண்ணத்துக்குப் பதில் எழுதுவது

இரண்டாவது வாரத்தில் புள்ளியோடு இன்னொன்றையும் குறியுங்கள்: விழுவதற்குச் சற்று முன் மனதில் ஓடிய வாக்கியம், ஓடியபடியே. நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் (மறைவு 399) இந்த வேலையில் கெட்டிக்காரர். மனிதனைக் கவிழ்க்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். மனச்சோர்வு என்ற எண்ணம் வரும் நேரத்தைக்கூட எழுதிவைத்தார்: நாலாம் மணிக்குப் பிடித்து எட்டாம் மணி வரை, அதாவது நம் கணக்கில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை. சூரியன் நகர்வதே தெரியாது, நாளுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பது போல் தோன்றும். துறவி அடிக்கடி எழுந்து வெளியே எட்டிப் பார்ப்பான், சாப்பாட்டு வேளையான ஒன்பதாம் மணி நெருங்கிவிட்டதா என்று. பிறகு இந்த இடம் பிடிக்காது, கைவேலை பிடிக்காது, ஊரில் விட்டுவந்த உறவினர் நினைவு வரும், இன்னும் எத்தனை வருஷம் இப்படி என்று மலைப்பு வரும். 1,600 வருஷத்துக்கு முந்தின குறிப்பு இது. ஜன்னலுக்குப் பதில் போன் என்று மாற்றினால் இன்றைய அலுவலகத்தில் ஒரு மதிய நேரம்.

எவாக்ரியுஸ் கொடுத்த மருந்து எதிர்த்துப் பேசுவது. வனாந்தரச் சோதனையில் இயேசு ஒவ்வொரு சொல்லுக்கும் "எழுதியிருக்கிறதே" என்று பதில் கொடுத்ததை மாதிரியாக வைத்து, எட்டு வகை எண்ணங்களுக்கும் பதில் வசனங்களைத் தொகுத்து ஒரு முழு நூலே எழுதினார். நாமும் நம் பத்து வாக்கியங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் தயாரிக்கலாம். நோட்டின் இடதுபக்கம் எண்ணம், வலதுபக்கம் வசனம், அதன் கீழே உடனே செய்யும் ஒரு செயல். மூன்றும் வேண்டும்.

"நாளைக்கு ஆரம்பிக்கலாம்" என்ற எண்ணத்துக்கு எபிரெயர் 3:13, "இன்று என்னப்படுமளவும்". செயல்: இப்போதே கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதுவது. "இதெல்லாம் ஒரு முயற்சியா" என்ற ஏளனத்துக்கு சகரியா 4:10, "அற்பமான ஆரம்பத்தின் நாளை யார் அசட்டைபண்ணலாம்?" "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்பதற்கு நீதிமொழிகள் 29:25, "மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்". "எனக்குத் தகுதி இல்லை" என்பதற்குத் தகுதி இருக்கிறது என்று வாதாடத் தேவையில்லை. 1 கொரிந்தியர் 15-ல் பவுல் ஒன்பதாம் வசனத்தில் தான் அப்போஸ்தலன் என்ற பேருக்குப் பாத்திரன் அல்ல என்று ஒத்துக்கொள்கிறார். பத்தாம் வசனத்தில் "நான் இருக்கிறது தேவகிருபையினாலே இருக்கிறேன்" என்று சொல்லி, எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாக முடிக்கிறார். தகுதியின்மையை மறுக்கவில்லை, அதைக் காரணமாகக் காட்டி வேலையை நிறுத்தவும் இல்லை.

வசனத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை போல, முன்பின் பார்க்காமல் ஒரு வரியைக் கிழித்தெடுத்தால் அது பிப்ரவரியைத் தாண்டாது. பாபிலோனில் சிறையிருந்த யூதர்களுக்கு, உங்களைக் குறித்து நான் நினைப்பது தீமை அல்ல, சமாதானமே என்று தேவன் சொன்ன எரேமியா 29:11-ஐ வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் பலர் பத்தாம் வசனத்தைப் பார்ப்பதில்லை. அந்த வாக்கு நிறைவேற எழுபது வருஷம் ஆகும் என்று அதில் இருக்கிறது. ஐந்தாம் வசனம் அதுவரை செய்ய வேண்டியதைச் சொல்கிறது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள். வாக்குத்தத்தம் வாங்கியவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த கட்டளை மண்வெட்டி வேலை.

விழுந்த பிறகு வரும் இரண்டாவது விழுகை

முதல் சறுக்கலைவிட "போச்சு, இனி எல்லாம் ஒன்றுதான்" என்று மிச்சத்தையும் கொட்டிவிடுவதுதான் பெரிய நஷ்டம். வேத வாசிப்பு அட்டவணையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று அல்லது நாலு. ஜனவரி முதல் தேதி ஆதியாகமம் ஜோராக ஓடும். பிப்ரவரியில் லேவியராகமத்தின் பலிகள் நடுவே நாலு நாள் தவறும். பாக்கி பன்னிரண்டைத் தாண்டிவிடும். அதை முடித்துவிட்டுத்தான் இன்றைய பகுதி என்று முடிவெடுத்த அன்றே திட்டம் செத்துப்போகிறது. விட்டதை விட்டுவிடுங்கள். இன்றைய தேதிக்கு நேராக என்ன இருக்கிறதோ அதை வாசியுங்கள். விடுபட்ட அதிகாரங்கள் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். உணவுக் கட்டுப்பாடு, கடன் தவணை, படிப்பு எதற்கும் இதுவே விதி: அடுத்த வேளையிலிருந்து தொடர்வது, திங்கட்கிழமைக்கோ முதல் தேதிக்கோ காத்திருக்காமல்.

இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுருவும் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே இரவில் விழுந்தவர்கள். இருவரும் வருந்தினார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுத் தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொண்டான். பேதுரு அழுதான், ஆனால் மற்ற சீஷர்களைவிட்டு விலகவில்லை. அதனால் யோவான் 21-ல் கரைக்கு வந்தபோது கரிநெருப்பின் பக்கத்தில் இயேசுவிடமிருந்து அவனுக்கு மூன்று கேள்விகளும், மூன்று முறையும் வேலையும் கிடைத்தன. "தேவனுக்கேற்ற துக்கம்", "லௌகிகதுக்கம்" என்று 2 கொரிந்தியர் 7:10 பிரிக்கிறது. நடைமுறையில் பிரித்தறிய என் அளவுகோல் ஒன்றுதான்: இந்தத் துக்கம் என்னை அடுத்த வேலைக்கு அனுப்புகிறதா, அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறதா?

விழுந்த குற்ற உணர்ச்சியில் பெரிய பொருத்தனை செய்வதும் அதே விழுகையின் இன்னொரு வடிவம். நாற்பது நாள் உபவாசம், தினமும் நாலு மணிக்கு எழுந்து ஜெபம் என்று எழுதி வைப்பது, மூன்றாம் நாள் முறிவது, "நான் இப்படித்தான்" என்று முத்திரை குத்திக்கொள்வது. இஞ்ஞாசியாரே 1522-ல் மன்ரேசாவில், பழைய பாவங்களைச் சரியாக அறிக்கையிடவில்லையோ என்ற ஓயாத சந்தேகத்தில், ஒரு வாரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தார். ஆன்மகுரு அதட்டிச் சாப்பிட வைத்தார். "நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி 5:5 சும்மா சொல்லவில்லை. மோசமான நாளிலும் முடியக்கூடிய அளவுக்குத் தீர்மானம் எடுங்கள். ஜெபம் ஏழு நிமிஷம், படிப்பு பதினைந்து நிமிஷம். அதிகம் முடிந்தால் நல்லது, ஆனால் அதை வாக்கில் சேர்க்க வேண்டாம்.

இதைத் தனியாகச் செய்தால் நீளாது. இந்தப் பழக்கத்துக்கு இரகசியம்தான் உரம். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது சொஸ்தமடையும்படிக்கு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பரில் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறை கூடி, கடந்த சந்திப்புக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன, சந்தித்த சோதனை என்ன, அதிலிருந்து எப்படி விடுவிக்கப்பட்டாய் என்று கேட்பது அதன் நடைமுறை. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஜெயித்ததையும் வாய்விட்டுச் சொல்ல வைப்பது அதுதான். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சபை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது அறிக்கையிடுதல் அல்ல, மறுநாளே ஊருக்குத் தெரியும். நீங்கள் ஆண் என்றால் ஓர் ஆண், பெண் என்றால் ஒரு பெண், உங்களிடம் பணம் சம்பந்தப்படாதவர், முன்பு ஒருமுறை ஒரு இரகசியத்தைக் காத்தவர். வாரம் அரை மணி நேரம், நோட்டைத் திறந்து காட்டுவது. அவர் புத்திமதி சொல்லத் தேவையில்லை, கேள்வி கேட்டால் போதும்.

பக்திப் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும் தள்ளிப்போடுதல் தனி ரகம். "தேவசித்தம் இன்னும் தெரியவில்லை, காத்திருக்கிறேன்." கிதியோனுக்கு "போ" என்ற கட்டளை நியாயாதிபதிகள் 6:14-லேயே கிடைத்துவிட்டது, ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி எங்கே இறங்குகிறது என்று அடையாளம் பார்த்தது அதற்குப் பிறகு, இரண்டு தடவை. தேவன் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக அதை வழிமுறையாக எடுக்கக்கூடாது. காத்திருப்புக்குத் தேதி வையுங்கள். இந்தத் தேதிவரை ஜெபிப்பேன், இந்த இரண்டு பேரிடம் கேட்பேன், அதன்பின் முடிவெடுப்பேன் என்று எழுதுங்கள். மறுபக்கத்தில் இஞ்ஞாசியாரின் இன்னொரு விதியும் உண்டு: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நாட்களில், முன்பு தெளிவான மனதோடு எடுத்த முடிவை மாற்றாதே. வேலையை விடலாம், நிச்சயத்தை முறிக்கலாம், படிப்பை நிறுத்தலாம் என்ற எண்ணங்கள் இரவு பதினொரு மணிக்குத்தான் பெரும்பாலும் வரும். ஏற்கெனவே முடிவெடுத்தாயிற்று, பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாமே இந்த நோட்டுக்குள் அடங்கிவிடாது. அடி, மிரட்டல் உள்ள வீட்டில் வாழ்பவர் முன்னேற முடியாமல் இருப்பது அவர் தன்னைக் கெடுத்துக்கொள்வது அல்ல. அங்கே முதலில் பாதுகாப்பு. பாவத்தை அறிக்கையிட்டும் மன்னிப்புக் கிடைக்கவில்லை என்று திரும்பத் திரும்ப வாட்டும் சந்தேகம், புள்ளி வைக்கவே நடுக்கம், வாரக்கணக்கில் தூக்கமின்மை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். போதகரிடம் போவதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று எதிர் அல்ல.

புள்ளிகள் குறைந்து காரியம் கைகூடிய பிறகு இன்னொரு ஆபத்தான வாரம் வருகிறது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டது கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளிடம் தோற்ற பிறகு அல்ல, ஜெயித்த பிறகு. தேவதூதன் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடை, தண்ணீர், தூக்கம், மறுபடியும் அதே; அதன்பின்தான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை. ஆகவே தேர்வு முடிவு வந்த வாரம், கடன் அடைந்த வாரம், மருத்துவ அறிக்கை நல்லபடி வந்த வாரம், மூன்றைச் செய்யுங்கள்: நேரத்துக்குச் சாப்பிட்டு ஏழெட்டு மணி நேரம் தூங்குவது, யார் கேட்டாலும், சபை கேட்டாலும், புதுப் பொறுப்பு எதையும் பதினான்கு நாளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருப்பது, நோட்டில் அதே குறைக்கு அதே இரண்டு கோடுகளைத் தொடர்வது. மூன்று வாரம் தொடர்ந்து நாளுக்கு ஒன்றிரண்டு புள்ளியில் நின்றால், புதுப் பக்கத்தில் அடுத்த குறையை எழுதலாம்.